படிக்கப்படாத பதினொரு பொருட்கள்

“இந்தக் கருவி தப்பு செய்யுமா?” என்று மேலாளர் கேட்டார். “ரீடர் எதைப் படித்ததோ அதைத்தான் திரை காட்டும், சார்” என்று நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும் நீலகிரியில் மஞ்சூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் ஆடி மாத மழையின் நடுவே சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, இரண்டு ஆண்டுகள் கழித்தும் என்னால் மறக்க முடியவில்லை.

பதிவேட்டில் இருந்த 412 பொருட்களில் 401 பொருட்களின் ஆர்எஃப்ஐடி டேக்குகளை, அதாவது ரேடியோ அலையால் படிக்கப்படும் அடையாளச் சில்லு லேபிள்களை, ரீடர் படித்திருந்தது. மீதி பதினொன்றையும், சரிபார்ப்பை முடித்துவைத்த அந்த நொடியிலேயே, மென்பொருள் தானாகக் ‘காணவில்லை’ என்ற தலைப்பின்கீழ் சேர்த்துவிட்டது. அப்படிச் சேர்க்கும்படி எழுதியது எங்கள் குழுதான். அறிக்கை அச்சாகி மேசைக்கு வந்தபோது, இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஸ்டோரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணா என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, “பொருள் எல்லாம் இங்கதான் இருக்குதுங்க தம்பி, உங்க மிஷினுக்குத்தான் தெரியல” என்றார். மேலாளரின் கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது.

அண்ணா சொல்வது சரியாக இருக்கலாம் என்று எனக்கு அப்போதே தெரியும். இந்த டேக்குகளில் மின்கலம் கிடையாது. ரீடர் அனுப்பும் அலையிலிருந்தே சக்தியை எடுத்துக்கொண்டு அவை பதில் சொல்லும். நம் நாட்டில் இதற்குப் பயன்படும் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலையை இரும்பு திருப்பி அடிக்கும், தண்ணீர் விழுங்கும். இரும்பின்மேல் ஒட்டுவதற்கென்றே தனி டேக் உண்டு, ஆனால் அதன் விலை பல மடங்கு அதிகம். கொண்டுபோன தனி டேக்குகள் தீர்ந்துபோனதால், கடைசியாக இருந்த சில மோட்டார்களுக்குச் சாதாரண லேபிளையே, இரும்பில் படாமலிருக்க அடியில் ஸ்பாஞ்சு வைத்து ஒட்டியவன் நான்தான். மூடுபனி உள்ளே புகுந்து சுவரெல்லாம் வியர்க்கிற அந்த ஸ்டோரில் ஸ்பாஞ்சு எத்தனை நாள் உலர்ந்திருக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

என் பக்கத்திலும் நியாயம் இருப்பதாகச் சில நாட்களில் தோன்றுகிறது. நிறுவனம் தன் சொத்துக்களை உரிய கால இடைவெளியில் நேரில் சரிபார்த்ததா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். அந்த வேலையை முடித்துக்கொடுக்க எனக்குத் தரப்பட்ட கடைசி நாள் அது. வாடிக்கையாளர் முன்னால் எங்கள் பொருளின் குறையை நானே எடுத்துச் சொல்லும் அதிகாரமும் எனக்கு இல்லை. ஆனால் மேலாளர் கேட்டது கருவி படித்ததைப் பற்றி அல்ல, படிக்காததைப் பற்றி. அது தெரிந்தேதான் நான் வேறொன்றுக்குப் பதில் சொன்னேன்.

மறுநாள் காலை அண்ணாவுக்கு மெமோ கொடுத்தார்கள். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, டார்ச்சுடன் என்னை ஸ்டோருக்குள் கூட்டிப்போனார். தேயிலையை வாட்டும் தொட்டிக்குக் காற்று ஊதும் ட்ரஃப் விசிறியின் பழைய மோட்டார் ஒன்று, லேபிள் ஒட்டிய பக்கம் சுவரைப் பார்த்தபடி கிடந்தது. இரண்டு பேர் சேர்ந்து அதைத் திருப்பினார்கள். லேபிளின்மேல் முத்து முத்தாக நின்ற நீரை அவர் தோள்துண்டால் ஒற்றி எடுத்து, ஸ்பாஞ்சையும் விரலால் அழுத்திப் பிழிந்துவிட்டு, “இப்பப் பாருங்க” என்றார். ஒரு சாண் தூரத்தில் ரீடரைப் பிடித்ததும் ‘பீப்’ என்றது. மதியத்துக்குள் ஒன்பது பொருட்கள் கிடைத்துவிட்டன.

இரண்டு கிடைக்கவில்லை, என்னைக் குழப்புவது அதுதான். முந்தைய நாளே நான் லேபிளின் கதையைச் சொல்லியிருந்தால், அந்த இரண்டும் ‘லேபிள் கோளாறு’ என்ற கணக்கிலேயே போயிருக்கும், யாரும் தேடியிருக்கவும் மாட்டார்கள். அப்படியானால் என் மௌனத்தால் ஒரு பயன் விளைந்ததா? அப்படி நினைக்கும்போதெல்லாம் சட்டைப் பையில் மடித்திருந்த அந்தத் தாள் நினைவுக்கு வருகிறது. ஊர் திரும்பியதும் நான் வற்புறுத்தி, மென்பொருளில் ‘படிக்கப்படவில்லை’ என்று தனி நிலை ஒன்றைச் சேர்க்கவைத்தேன். இப்போது வேறு இடங்களில் பொருட்கள் மாதக்கணக்கில் அந்த நிலையிலேயே கிடக்கின்றன, யாரும் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதில்லை. செய்த திருத்தம் சரிதானா என்பதிலும் எனக்கு உறுதி இல்லை.

கிடைக்காத இரண்டில் ஒன்று, ஐந்து குதிரைத்திறன் மோட்டார். ரீவைண்டிங்குக்காக மேட்டுப்பாளையம் போனது என்று சொல்லி, அண்ணா பழைய கேட் பாஸ் புத்தகத்தைத் திறந்து காட்டினார். ஈரத்தில் பக்கம் ஊறிப்போயிருந்தது. தேதியும் ‘மோட்டார் 1’ என்பதும் தெரிந்தன. வரிசை எண் இருந்த இடத்தில் நீல மை மட்டும் பரவியிருந்தது. கிடைத்த ஒன்பது பொருட்களைப் பற்றி மேலாளருக்கு அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினேன். அந்தப் பக்கத்தை நான் பார்த்ததை அதில் எழுதவில்லை.