பஸ்ரா வீட்டு மரம்

கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைச் சரிவில் இருக்கிறது எங்கள் ஊர். பள்ளிச் சுவரில் பழைய கல் ஒன்று பதித்திருக்கிறது. 1914 முதல் 1919 வரையிலான பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, இந்த ஊரிலிருந்து 11 பேர் போனார்கள், 2 பேர் உயிர் நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறார்கள். பெயர் ஒன்றுகூட இல்லை. எண்ணை மட்டும் மாற்றி இதே வாசகத்துடன் தமிழ்நாட்டில் வேறு ஊர்களிலும் கல் உண்டு.

அந்தக் கல்லுக்குப் போகும் வழியில் 11 மரங்கள் வைக்க நினைத்தோம். ஆஸ்திரேலியாவின் பல்லாரட்டில் 1917 முதல் 1919 வரை போருக்குப் போனவர் ஒவ்வொருவருக்கும் ஒரு மரமாக, பட்டாளத்தில் சேர்ந்த வரிசையில், ஏறத்தாழ 22 கிலோமீட்டருக்கு நட்டார்கள். திரும்பி வந்தவருக்கும் அங்கே மரம் உண்டு. அதனால்தான் 2 போதாது, 11 வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன்.

சாலையோரத்தில் நட அனுமதி கேட்ட மனுவுக்கு நான்கு மாதம் பதிலே வரவில்லை. நேரில் போனபோதுதான் காரணம் புரிந்தது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. நாளை சாலையை அகலப்படுத்த வேண்டுமென்றால் மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது. நில அளவையரை அழைத்து அளந்து, பள்ளி வேலிக்கு உள்ளேயே குழி தோண்டினோம்.

கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், சீக்கிரம் வளரும் என்றார்கள். நான் ஒப்பவில்லை. சோலைக்கு உரிய காட்டுப்பூவரசும் நாவலும் வைத்தோம். எங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம் என்பதால் ஐப்பசிக்கு முன்பே நட்டாயிற்று. முதல் ஆண்டிலேயே காட்டெருமைகள் நான்கைத் தின்றுவிட்டன. இரும்பு வலைக் கூண்டு கட்டாமல் இங்கே யாரும் கன்று வைக்காதீர்கள்.

பெயர் தேடியதுதான் பெரும்பாடு. ஊரில் ஒரு வீட்டை 'பஸ்ரா வீடு' என்பார்கள். பஸ்ரா இராக்கில் இருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு அந்த வீட்டுப் பாட்டி, "எங்க மாமனாரோட அண்ணன் பஸ்ராவுக்குப் போனவர் தம்பி, வரவே இல்லை" என்றார். அரிசி டின்னின் அடியிலிருந்து ஒரு வெள்ளிப் பதக்கத்தை எடுத்துக் கொடுத்தார். அந்தப் போரின் வெள்ளிப் பதக்கங்களுக்கு விளிம்பில் எழுத்து உண்டு. சேவை எண், பெயர், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்று தேய்ந்த எழுத்துகளை லென்ஸ் வைத்துப் படித்தேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தட்டினேன். ஒன்பதாவது முறை கிடைத்தார். தந்தை பெயரும் ஊரும் பொருந்தின.

1929-இல் திறந்த பஸ்ரா நினைவகத்தில் 40,000-க்கும் மேற்பட்டோரை நினைவுகூர்கிறார்கள். ஆனால் இந்தியச் சிப்பாய்களின் பெயர்களை அந்தச் சுவரில் பொறிக்கவில்லை. படைப்பிரிவின் பெயருக்குக் கீழே எண்ணிக்கை மட்டும்தான். இத்தகைய புறக்கணிப்புகளுக்காக 2021-இல் ஆணையமே மன்னிப்புக் கேட்டது. அங்கேயும் எண், எங்கள் பள்ளிச் சுவரிலும் எண். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது முதல் மரத்தில் அவர் பெயர்ப்பலகை இருக்கிறது. பாட்டிதான் கட்டினார். மற்ற பத்துப் பலகைகள் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. இரண்டு வீடுகளில் பதக்கத்தை உருக்கிக் கொலுசு செய்துவிட்டார்களாம். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பழைய பதக்கம் கிடந்தால், முதலில் விளிம்பைப் பாருங்கள். நான் அடுத்த மாதம் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போகிறேன்.