ஏற்காட்டில் ஒரு ஃபேமிகாம்: 20 கொண்டை ஊசி, 400 ரூபாய் ஆட்டோ, ஒரு மஞ்சள் கேசட்

நேற்று ராத்திரி பத்தரைக்குத்தான் கரூர் வந்து சேர்ந்தேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது. ஆனாலும் எதிரே மேஜையில் அந்த வெள்ளையும் மெரூனும் கலந்த பெட்டி உட்கார்ந்திருக்கும்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏற்காடு போகிறவர்களுக்கு உதவும்படி பஸ், செலவு, சாப்பாடு என்று வரிசையாக எழுதுவதாகத்தான் எண்ணம். பார்ப்போம்.

பழைய ஜப்பான் வீடியோ கேம்களைச் சேர்க்கும் பைத்தியம் எனக்கு ஆறு வருஷமாக இருக்கிறது. ஆகும் செலவில் பாதி பொருளுக்கு, மீதிப் பாதி அது நம் வாசலுக்கு வந்து சேர்வதற்கு. ஜப்பானில் 'ஜங்க்' என்று சீட்டு ஒட்டி விற்பார்கள். ஓடுமா ஓடாதா என்பதற்குக் கடைக்காரர் பொறுப்பில்லை, அதனால் விலை மலிவு. அனுப்பும் கூலி, சுங்கவரி எல்லாம் சேர்ந்ததும் அந்த மலிவு மலையேறிவிடும். இந்த நிலைமையில்தான் சேலத்து நண்பர் ஒருவர், "ஏற்காட்டுல ஒரு பெரியவர் வீட்டுல ஜப்பான் டிவி கேம் ஒண்ணு அட்டைப்பெட்டியோட கிடக்குது" என்று மூன்று மங்கலான போட்டோ அனுப்பினார். பார்த்த நிமிஷத்தில் தூக்கம் போச்சு. ஃபேமிகாம்! 1983 ஜூலை 15ஆம் தேதி நிண்டெண்டோ கம்பெனி ஜப்பானில் 14,800 யென்னுக்கு இறக்கிய வீடியோ கேம் மெஷின்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு துடிப்பு என்று சொல்லிவிடுகிறேன். 90களில் நம் வீடுகளில் 'டிவி கேம்' என்று கொண்டாடிய லிட்டில் மாஸ்டர் போன்ற மெஷின்கள் இந்த ஃபேமிகாமின் நகல்கள்தான். அமெரிக்காவுக்கு என்று நிண்டெண்டோ செய்த என்.இ.எஸ். மெஷினில் கேசட்டுக்கு 72 பின் (மெஷினைத் தொடும் உலோகப் பட்டைகள்). ஜப்பான் ஃபேமிகாமில் 60. நம்மூர் டிவி கேம் கேசட்டிலும் 60! கோடை லீவு முழுக்க நாம் ஊதி ஊதிச் செருகியது ஜப்பான் அளவுக் கேசட். இது எனக்குத் தெரியவந்ததே முப்பது வயதுக்கு மேல். அசல் மெஷினில் என் பழைய '64 இன் 1' கேசட்டை (ஒன்றிலேயே 64 கேம்) செருகிப் பார்க்க வேண்டும் என்பது அன்றிலிருந்து ஆசை. அதையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

பட்ஜெட் 8,000 ரூபாய், பஸ், சாப்பாடு எல்லாம் உள்பட. அதில் 3,000 பையனின் டியூஷனுக்கு எடுத்து வைத்ததிலிருந்து உருவியது. அடுத்த மாசம் வைத்துவிடலாம்.

கரூரிலிருந்து நாமக்கல் வழியாகச் சேலம்வரை சொல்ல ஒன்றுமில்லை, தூங்கிவிட்டேன். சேலத்தில் ஏற்காடு பஸ்ஸைப் பிடித்ததுதான் கொடுமை. சனிக்கிழமை ஏற்காடு போக நினைப்பவர்கள் நிற்பதற்கும் தயாராகப் போங்கள். ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்வரை ஒரு காலில் நின்றேன், கோரிமேட்டில் இரண்டாவது காலுக்கு இடம் கிடைத்தது. அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள், எண்ணி எண்ணி வயிறு கலங்குவதற்கு வசதியாக. எட்டாவது வளைவில் பின்சீட்டில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது. பதினொன்றாவதில் எனக்கு வந்துவிடும்போல் இருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "எலுமிச்சம்பழம் மோந்துக்கங்க தம்பி, வெளிய பாக்காதீங்க" என்று கையில் ஒன்றைத் திணித்தார். அவர் நல்லா இருக்கட்டும்.

அடுத்தது ஆட்டோ. பெரியவர் வீடு பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. கேட்டது 400 ரூபாய். "ஏங்ணா, விமானத்துல போறமா?" என்றேன். "சனி, ஞாயிறு ரேட்டுங்க. திரும்ப சவாரி கிடைக்காதுங்க" என்றார். ஏரிப் பக்கம் சவாரிக்கு ஆள் முட்டி மோதுகிறது, திரும்பக் கிடைக்காதாம்! நேரமாகிவிட்டது, வழியும் தெரியாது, கொடுத்துத் தொலைத்தேன். திரும்பி வரும்போது நடந்தேன். நாற்பது நிமிஷம், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி, கீழே காபிச்செடி, இலேசான மூடுபனி. இந்தப் பயணத்தில் ஏற்காட்டை நான் பார்த்தது அந்த நாற்பது நிமிஷம்தான். ஆகவே நடங்கள். காசும் மிச்சம்.

வீட்டில் பெரியவர் பெட்டியைத் துடைத்து மேஜை மேல் வைத்திருந்தார். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்த்தவர், 1987இல் கோபே துறைமுகத்தில் இறங்கியபோது பிள்ளைகளுக்கு என்று வாங்கி வந்தாராம். அட்டைப்பெட்டியின் ஒரு மூலையை இராமபாணப் பூச்சி தின்றிருக்கிறது, மற்றபடி புதுசு. வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளாகவே இல்லை! வெயில் பட்டால் இந்த மெஷின்கள் பழுத்த பப்பாளி நிறத்துக்குப் போய்விடும். இது முப்பது வருஷத்துக்கு மேல் மர அலமாரிக்குள் இருட்டில் இருந்திருக்கிறது.

"ஏன் சார், பிள்ளைங்க விளையாடவே இல்லையா?"

"எங்க தம்பி விளையாடறது? மொத நாளே பிளக்குல சொருகினோம், அடாப்டர்ல பொகை வந்துடுச்சு. அப்புறம் அண்ணன் வேற அடாப்டர் கொண்டாந்தார். மெஷின்ல லைட்டு எதுவும் எரியல, டிவியில வெறும் புள்ளி புள்ளியா வந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு எடுத்து வெச்சிட்டோம்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அந்த அடாப்டரை நம் 230இல் செருகினால் புகை வராமல் என்ன வரும்? லைட் எரியாததும் குற்றமில்லை, ஃபேமிகாமில் பவர் லைட்டே கிடையாது. படம் வராததற்கு வேறு காரணம். இது ஆன்டெனா வழியாக ஜப்பானின் 1, 2ஆம் சேனல்களில் படம் அனுப்பும். அந்த அலைவரிசை நம் ஊரில் எஃப்.எம். ரேடியோவின் இடம், அந்தக் காலத்து நம்மூர் டிவி எதுவும் அங்கே தேடாது. ஆக, மெஷினில் எந்தக் கோளாறும் இருந்திருக்க வேண்டியதில்லை. சேனல் பிடிக்காத ஒரே காரணத்துக்காக ஒரு ஃபேமிகாம் அலமாரிக்குள் தவம் கிடந்திருக்கிறது.

இதையெல்லாம் விலை பேசும் முன்பே வாய்விட்டுச் சொன்னதுதான் நான் செய்த முட்டாள்தனம். கெட்டுப்போன பொருள் என்று நினைத்திருந்த மனிதர், "அப்ப ஓடும்ங்கறீங்க" என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். விலை 15,000 என்றார். பேரன் போனில் பார்த்துச் சொன்ன விலையாம்.

சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது ஜாய்ஸ்டிக் பட்டனை. ஆரம்பத்தில் வந்த ஃபேமிகாம்களில் ஏ, பி பட்டன் சதுரமாக, ரப்பரில் இருக்கும். அழுத்தினால் உள்ளே சிக்கிக்கொள்கிறது என்று பிறகு வட்டப் பிளாஸ்டிக்குக்கு மாற்றினார்கள். சதுரம் என்றால் மவுசு தனி. இது வட்டம். மனசுக்குள் கொஞ்சம் ஏமாற்றம், பேரத்துக்கு வசதி. "வட்டப் பட்டன் சார், இதுதான் நிறையக் கிடைக்கும். அடாப்டர் போச்சு, பெட்டியில பூச்சி" என்று அடுக்கினேன். பையில் இருப்பது இவ்வளவுதான் என்று பர்ஸையே திறந்து காட்டினேன். ஒரு டம்ளர் காபி, அவர் அண்ணனின் கப்பல் கதைகள், முக்கால் மணி நேரம். கடைசியில் 6,000. மூன்று கேசட்டும் சேர்த்து: டாங்கி காங் ஜூனியர் (மெஷினோடு ஒரே நாளில் வெளியானது), 1983இன் மாஜாங், அப்புறம் மஞ்சள் நிறத்தில் சூப்பர் மரியோ பிரதர்ஸ், 1985. மாஜாங் ஆடத் தெரிந்தவர் யாராவது கரூர்ப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள்.

கிளம்பும்போது பெரியவர் வாசல்வரை வந்தார். "படம் வந்தா ஒரு போட்டோ அனுப்புங்க தம்பி. அண்ணன் கடைசி வரைக்கும் ஏமாத்திட்டாங்கன்னே சொல்லிட்டிருந்தார்" என்றார்.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். சூடாக இருந்தது என்பதைத் தவிர சொல்ல ஒன்றுமில்லை, விலை அதிகம். லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எதுவும் போகவில்லை. இதைப் பயணக் கட்டுரை என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. இறங்கும் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். கண்டக்டர் பார்த்துவிட்டு, "என்னதுங்க, மிக்ஸியா?" என்றார். ஆமாம் என்றேன். மிக்ஸிக்கு லக்கேஜ் இல்லையாம்.

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் நண்பருக்குத் தெரிந்த டிவி மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கடைக்குள் பழைய டிவிக் கூடுகள் கூரைவரை. திருகாணி கழற்றி மெஷினைத் திறந்து, "சுத்தமா இருக்குதுங்க, ஒரு கால்கூட துரு இல்ல" என்று அவர் சொன்னபோது என் பட்ஜெட் கவலை பாதி போய்விட்டது. ஆன்டெனாவை நம்பாமல் நேராக ஏ.வி. (ஒயர் வழியாக டிவிக்குப் போகும் படமும் சத்தமும்) எடுப்பதுதான் வழி. படம் போடும் சிப்பின் 21ஆம் காலில் வீடியோ வெளியே வருகிறது. அதை ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் வழியாகக் கொண்டுவந்தால் எந்த டிவியின் மஞ்சள் சாக்கெட்டிலும் செருகலாம். சாமான் எல்லாம் சேர்த்து ஐம்பது ரூபாய்கூட இல்லை. கூலி 350. வாங்கலாம், தாராளமாக.

அடாப்டர் நான் வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். ஃபேமிகாமுக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 9 வோல்ட் கொடுத்தாலும் ஓடும். ஆனால் முனையில் உள்பக்கம் மைனஸ், வெளிப்பக்கம் பிளஸ். கடையில் சும்மா கிடைக்கும் அடாப்டர் பெரும்பாலும் இதற்கு நேர் தலைகீழ். மாற்றிக் கொடுத்தால் மெஷின் காலி. இந்த ஒரு வரியை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பற்றவைக்கிற நேரத்தில் தெருமுனையில் தட்டுவடை செட் இரண்டு தட்டு. காரச் சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வாயில் போட்டதும் நொறுங்கும் தட்டுவடை. ஒரு தட்டு 30 ரூபாய். ஏற்காட்டு பஜ்ஜிக்குக் கொடுத்த காசில் இங்கே மூன்று தட்டு வரும். இந்த நாளின் சாப்பாடு இதுதான், மதியச் சாப்பாட்டை ஆட்டோக்காரர் தின்றுவிட்டார்.

திரும்பி வந்தால், டிவியில் நீல வானம், மரியோ நிற்கிறான். மெக்கானிக்கின் பையன் ஏற்கெனவே முதல் குழியில் விழுந்து செத்திருந்தான். மரியோ கேசட்டைப் பிடுங்கி (பையனிடம் மன்னிப்புக் கேட்டுத்தான்) என் '64 இன் 1' கேசட்டை எடுத்தேன். ஊதினேன். ஊதக்கூடாது, எச்சில் ஈரத்தில் பின் கறுத்துவிடும் என்று தெரியும், இருந்தாலும் ஊதினேன். கடக் என்று இறங்கியது. 64 பெயர்களும் வரிசையாக வந்தன, அதே கண்றாவி இசையோடு. பெரியவருக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன்.

மொத்தச் செலவு 7,690. பாக்கிப் பணத்தில் டியூஷன் நடக்காது.

மெக்கானிக்கின் பையனிடம் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்து மைக்கைக் காட்டினேன். ஃபேமிகாமின் இரண்டாவது ஜாய்ஸ்டிக்கில் ஸ்டார்ட் பட்டன் இல்லை. அந்த இடத்தில் குட்டி மைக், சத்தம் கூட்டிக் குறைக்க ஒரு தள்ளு பட்டன். பேசினால் டிவி ஸ்பீக்கரில் கேட்கும். அவன் "ஹலோ" என்றான், டிவியும் கரகரவென்று ஹலோ என்றது. மெக்கானிக் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தத்தை முழுசாகக் கூட்டினார். தெருவுக்கு எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்து, "மூணு டீ, ஒண்ணு சக்கரை கம்மி" என்றார்.