அடுத்த நாள் காலை

எங்கள் குடும்ப வன்முறை உதவி எண்ணில் போன் எடுக்க வரும் புதிய தன்னார்வலர்களுக்குப் பயிற்சி என்றால் 'ஒன்ஸ் வேர் வாரியர்ஸ்' படத்தின் முட்டைக் காட்சியைப் போடுவேன். லீ தமஹோரி இயக்கி 1994-இல் வந்த நியூசிலாந்துப் படம்; அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் ஒரு குடும்பத்தைப் பற்றியது. கணவன் ஜேக்கின் கூட்டாளிக்கு முட்டை பொரித்துத் தர பெத் மறுக்கிறாள். முட்டைகளைத் தரையில் போட்டு உடைக்கிறாள். அப்புறம் அடி. நான் கவனிக்கச் சொல்வது அடியை அல்ல, அதுவரை பீரும் பாட்டுமாக இருந்த கூட்டம் கலைந்து போவதை. போனை எடுக்கிறவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

அன்று காட்சியை நிறுத்தியதும், நாங்கள் எல்லோரும் 'ஃபாயா' (மாவோரியில் அம்மா, அத்தை) என்று மரியாதையாகக் கூப்பிடும் மூத்த மாவோரி சக ஊழியர், "அடுத்த நாள் காலையையும் போடேன்" என்றார்.

நேரமில்லை என்றேன்.

"அதுக்கு மட்டும் எப்பவும் நேரம் இருக்காது."

அடுத்த நாள் காலையில் பெத்தின் முகம் வீங்கிக் கிடக்கிறது. மகன் பூகிக்கு அன்று கோர்ட். அம்மாவும் போகவில்லை, அப்பாவும் போகவில்லை. சகோதரி கிரேஸ்தான் கூடப் போகிறாள். அரசாங்கம் பையனை எடுத்துக்கொள்கிறது. விடுதியில் பென்னட் என்ற அதிகாரி ஹாக்கா என்ற மாவோரி ஆட்டமும் தையாஹா என்ற மரத்தடி ஆயுதத்தை வீசும் சிலம்பமும் சொல்லிக்கொடுத்து அவனை மீட்கிறார். "என் தம்பியையும்தான் கொண்டுபோனார்கள். அங்கே பென்னட் யாரும் இல்லை" என்றார் ஃபாயா. மேற்கொண்டு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

1950 முதல் 2019 வரை நியூசிலாந்தில் அரசு, மத அமைப்புகளின் பராமரிப்பில் சுமார் 2 லட்சம் பேர் கொடுமைக்கு ஆளாகியிருக்கலாம் என்கிறது 2024-இல் வெளியான விசாரணை ஆணைய அறிக்கை. மாவோரிப் பிள்ளைகள் பட்டது கூடுதல். இதையெல்லாம் படித்தவள்தான் நான். ஆனாலும் ஒரு மணி நேர வகுப்பில் எதைத்தான் வைப்பது? பெத்தின் குரலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று முதலில் தெரியட்டும், கோர்ட்டெல்லாம் பிறகு. இது சாக்குப்போக்கு இல்லை என்றுதான் நினைக்கிறேன். பிள்ளைகளுக்கு ஆபத்து என்று தோன்றினால் மேலே, அரசாங்கத்துக்கு அனுப்பும் படிவத்தில் ஃபாயாவும்தானே கையெழுத்துப் போடுகிறார்?

போடுகிறார். எந்த மனதோடு போடுகிறார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த வகுப்பிலும் முட்டைக் காட்சியோடுதான் நிறுத்தினேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது: அந்த இரவில் பெத் எங்களுக்குப் போன் செய்திருந்தால், வீட்டில் பிள்ளைகள் உண்டா என்று கேட்டிருப்போம். பூகியின் பெயரையும் வயதையும் எழுதி வைத்திருப்போம்.