பவுடர் கோட்டிங்கில் மூழ்கிய சேஸிஸ் எண்: ஓர் எக்ஸ்எஸ் 650 கட்டிய அனுபவம்

என் யமஹா எக்ஸ்எஸ் 650 பைக் ஒருவழியாக வாகன ஆய்வில் தேறிவிட்டது. சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது, பெரிய நிம்மதி. ஆனால் ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் செய்து கொடுத்த பட்டறையின் மீதுள்ள கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை. பழைய வண்டியைப் பிரித்து கஃபே ரேசராக (தேவையற்றதைக் கழற்றிய, பந்தய வண்டி பாணி பைக்காக) கட்டிக்கொண்டிருப்பவர்கள், ஃபிரேமை அப்படி ஒரு பட்டறையில் இறக்கி வைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

இன்ஜின் வேலையில் சொல்ல அதிகமில்லை. 653 சிசி, இரட்டை சிலிண்டர், 1960களின் இறுதியில் வந்த வடிவமைப்பு. சிலிண்டரை அடுத்த அளவுக்குக் கடைந்து, பிஸ்டன், ரிங், வால்வு சீல் மாற்றி மூடியாகிவிட்டது. பின்பக்க ஃபிரேமை வெட்டி வளைவுக் குழாய் பற்றவைத்ததும் சிக்கலில்லாமல் முடிந்தது. ஒன்றை மட்டும் செய்துவிடுங்கள்: பற்றவைப்பதற்கு முன், பின் ஷாக்கின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு சக்கரத்தை அது போகும் உயரம் வரை தூக்கிப் பாருங்கள். டயர் வளைவுக் குழாயில் இடிக்குமா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தொல்லை தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பவுடர் கோட்டிங் நல்ல வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மின்னேற்றம் பெற்ற தூளை இரும்பின் மீது தூவி, ஏறக்குறைய 200 டிகிரியில் சுட்டெடுக்கிறார்கள். தூள் உருகி, பரவி, கெட்டியாகி, கல் தெறித்தாலும் லேசில் உரியாத மேற்பூச்சாகிறது. அந்த உறுதிதான் சிக்கலும். பூச்சின் தடிமன் பெரும்பாலும் 60 முதல் 100 மைக்ரான். அதன் வழியே மின்சாரமும் பாயாது. இரும்பு இரும்போடு நேரடியாக உட்கார வேண்டிய இடங்களில் அது இருக்கவே கூடாது.

இதைத் தெரிந்துகொண்டுதான் கொடுத்தேன். ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட்டின் கிண்ணங்கள் உட்காரும் இடம், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மின் அச்சுத் துளை, இன்ஜின் தாங்கிகளின் முகங்கள், எர்த் வயர் சேரும் போல்ட் இடம், மரையுள்ள துளைகள் அனைத்தும், கடைசியாக ஃபிரேமின் கழுத்தில் பொறித்த சேஸிஸ் எண். இத்தனையையும் மறைத்துவிட்டுத்தான் தூள் அடிக்க வேண்டும் என்று அட்டையில் எழுதி, ஃபிரேமிலேயே கம்பியால் கட்டிக் கொடுத்தேன். வாயாலும் சொன்னேன். பட்டறைக்காரர் தலையாட்டினார்.

திரும்பப் பெறப் போனபோது அந்த அட்டை, பழைய பெயிண்டை நீக்க மணல் வீசும் அறையின் வாசலில், மடிப்புக்கூடப் பிரியாமல் கிடந்தது. ஃபிரேம் முழுக்க ஒரே கறுப்பு. மரைகளின் வாய் அடைந்திருந்தது. கழுத்தில் துத்தநாக அடிப்பூச்சு ஒன்று, அதன் மேல் கறுப்பு ஒன்று என இரண்டு அடுக்கு; எண்கள் சாம்பல் மூடிய கோலம்போல மங்கிக் கிடந்தன. கேட்டதற்கு, "சுரண்டினால் போய்விடும் சார்" என்றார். முழுக் கூலியையும் வாங்கிக்கொண்டார்.

சுரண்டினால் போகாது. அதுதானே பவுடர் கோட்டிங்! கோன் கிண்ணம் உட்காரும் விளிம்பில் பூச்சு இருந்தால் கிண்ணம் சாய்ந்துதான் இறங்கும். தட்டித் தட்டி இறக்கினாலும், ஓடும்போது பூச்சு நசுங்கிக் கோன் தளர்ந்துபோகும். பெயிண்ட் நீக்கும் ஜெல் தடவி, ஊறவிட்டு, பித்தளைத் தகட்டால் வழித்து எடுத்தேன். மரைகளில் மரை வெட்டும் கருவியை விட்டுச் சுற்றினேன். ஒவ்வொரு துளையிலிருந்தும் கறுப்புச் சுருள் சுருளாக வந்தது. ஃபிரேமைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினால் குழாய்களுக்குள்ளிருந்து மணல் கொட்டியது. காற்றடித்து, கழுவி, மறுபடி காற்றடித்த பிறகே பேரிங் பக்கம் போக முடிந்தது. அந்த மணலில் கொஞ்சம் பேரிங்குக்குள் இறங்கியிருந்தாலும் புதுக் கோன் செட் வீணாகியிருக்கும்.

அடுத்தது வயரிங். புதிய வயர், புதிய ஃபியூஸ் பெட்டி, எல்லாம் ஒழுங்காகவே இணைக்கப்பட்டிருந்தன. வண்டியும் உதைத்ததும் எழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் ஹெட்லைட் மங்கலாக எரிந்தது, பேட்டரியோ தொட முடியாத அளவுக்குச் சூடானது. மல்டிமீட்டரை வைத்தால் 16 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. 14லிருந்து 14.5க்குள் நிற்க வேண்டியது. ரெகுலேட்டர் போய்விட்டது என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

ரெகுலேட்டரில் கோளாறில்லை. இந்த வண்டியில் ரெகுலேட்டர் தன் எர்த்தை ஆதாரமாக வைத்துத்தான் மின்னழுத்தத்தை அளந்து, ஆல்டர்னேட்டரின் சுழலிக்குப் போகும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. எர்த் இணைப்பில் தடை இருந்தால், மின்னழுத்தம் குறைவாக இருப்பதாக நினைத்துக்கொண்டு மேலும் மேலும் சார்ஜ் ஏற்றும். ஹெட்லைட்டை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ரெகுலேட்டரின் உடலிலும் வைத்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. போல்ட்டுக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இருந்த அழகான கறுப்புப் பூச்சுதான் காரணம்.

பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் போல்ட்டுக்கு ஒரு தடித்த வயர், ரெகுலேட்டருக்குத் தனி வயர், ஃபிரேமில் பூச்சை நீக்கிய இடத்துக்கு இன்னொன்று. உடனே மீட்டர் 14.2க்கு வந்து நின்றது. புதுப் பூச்சு அடித்த எந்த வண்டியிலும் விலை கொடுத்து உதிரிபாகம் மாற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். மீட்டர் ஒன்று போதும்.

கார்புரேட்டர் பற்றியும் ஒரு வார்த்தை. இதிலிருக்கும் மிக்குனி பிஎஸ் 38 வெற்றிடத்தால் பிஸ்டன் உயரும் வகை. ஏர் பாக்ஸைக் கழற்றிவிட்டு மலிவான கூம்பு ஃபில்டர் போட்டால், அதன் உள் ரப்பர் விளிம்பு கார்புரேட்டர் வாயிலுள்ள சிறு காற்றுத் துளைகளை மூடிவிடும். பாதித் திராட்டிலில் வண்டி திணறும். ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளைத் திருகு) மாற்றத் தொடங்கும் முன் அந்த விளிம்பைப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு ஆய்வு அலுவலகம். பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் தேறின. சேஸிஸ் எண்ணில் நின்றுபோனது. ஜெல் கறுப்பை எடுத்திருந்தது, துத்தநாக அடுக்கு எண்களின் குழிக்குள் இறுகிக் கிடந்தது. வெயிலில் வாசிக்க முடிந்தது, அவர்களுடைய கொட்டகைக்குள் முடியவில்லை. பூச்சுக்கு முன் எடுத்த புகைப்படங்களையும், பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சையும் நீட்டினேன். அந்த ஊழியர் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "விரலுக்குத் தெரிந்தால் போதாது, கண்ணுக்குத் தெரிய வேண்டும்" என்று படிவத்தை என் பக்கமாகத் தள்ளிவிட்டார். வண்டியை வாசலுக்கு உருட்டிக் காட்டுகிறேன் என்றதற்கும் பதிலில்லை. வேனில் ஏற்றிய வண்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

வீட்டில் கிரைண்டரைத் தொடாமல் இருந்ததுதான் என்னைக் காப்பாற்றியது. எண் இருக்கும் இடத்தில் கிரைண்டரோ கம்பிச் சக்கரமோ பட்டால் பொறிப்பின் ஆழம் குறையும். எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்துவிட்டால் அதிலிருந்து மீள்வது கடினம். ஜெல்லைத் தடவி பிளாஸ்டிக் தாளால் மூடி இரவு முழுக்க விட்டு, மரக்குச்சியைச் சீவி ஒவ்வோர் எழுத்தின் குழியையும் துடைத்தெடுத்தேன். மேலே நிறமற்ற வார்னிஷ் மட்டும், துருப்பிடிக்காமலிருக்க.

அடுத்த முறை இருந்தவர் வயதான ஆய்வாளர். சட்டைப் பையிலிருந்து ஒரு சுண்ணக்கட்டியை எடுத்து எண்ணின் மேல் தேய்த்து, உள்ளங்கையால் துடைத்தார். எண்கள் வெள்ளை வெளேரென்று எழுந்து நின்றன. படிவத்தோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டார். நீங்கள் ஆய்வுக்குப் போகும்போது ஒரு சுண்ணக்கட்டியும் சின்ன டார்ச்சும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

நண்பர் ஒருவரின் ஃபிரேமுக்கு இப்போது வேறு பட்டறையைப் பிடித்திருக்கிறோம். அடைப்பான்களை நாங்களே போட்டுக்கொள்ள அவர்கள் ஒப்புக்கொண்டதால்தான் அங்கே கொடுத்தோம். மரைகளில் பழைய போல்ட்டுகள், துளைகளில் சிலிக்கோன் கூம்புகள், எண்ணின் மேலும் எர்த் இடத்திலும் அடுப்புச் சூடு தாங்கும் டேப். சாதாரண மாஸ்கிங் டேப் கருகி ஒட்டிக்கொள்ளும், அதை வாங்காதீர்கள். ஃபிரேம் நேற்று வந்தது. டேப்பை உரித்ததும் எண் பளிச்சென்று இருந்தது. கோன் கிண்ணங்கள் இரண்டும் நேராக இறங்கி உட்கார்ந்தன.