ஏழாம் நாளில் சேர்க்கும் அமிலம்

இங்கிலாந்தின் ஒரு பல்கலைக்கழகத்தில் இயங்கிய எலும்பு உயிரியல் ஆய்வுக்குழுவில் 2011 அக்டோபர் மாதம் முனைவர் பட்ட மாணவனாகச் சேர்ந்தேன். முதல் 5 மாதங்களில் நான் செய்த 11 சோதனைகளிலும் ஒரே முடிவுதான் கிடைத்தது. எலும்பைக் கரைக்க வேண்டிய செல்கள் உருவாயின, உயிரோடு இருந்தன, ஆனால் எதையும் கரைக்கவில்லை. அந்த மாதங்களை எப்படிக் கடந்தேன் என்பதை, இத்துறைக்குள் நுழையும் மாணவர்களுக்கு உதவக்கூடும் என்ற எண்ணத்தில் விவரமாக எழுதுகிறேன். ஆய்வக நுணுக்கங்கள் சற்று அதிகமாகவே வரும். அவற்றை விலக்கிவிட்டு இந்த அனுபவத்தைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நான் தருமபுரி மாவட்டத்தில் வளர்ந்தவன். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த பகுதி அது. என் வகுப்பில் பாதிப் பேருக்குப் பற்களில் பழுப்புக் கறை இருந்தது. முதுகும் முழங்காலும் விறைத்துப்போன பெரியவர்களை எல்லாத் தெருக்களிலும் பார்த்திருக்கிறேன். இந்நோய் நம் நாட்டில் முதன்முதலாக மருத்துவ இதழில் பதிவானது 1937-இல், அன்றைய சென்னை மாகாணத்தில்தான் என்பதைக் கல்லூரியில் படித்தபோது அறிந்தேன். எலும்பு கல்லைப் போன்ற ஜடப்பொருள் அன்று, குடிக்கும் நீருக்குக்கூட மறுமொழி தரும் உயிருள்ள திசு என்ற எண்ணம் அப்போது மனத்தில் விழுந்தது. என்னை இந்த ஆய்வுக்கு அழைத்து வந்தது அதுதான்.

வளர்ந்த மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கரைக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படுகிறது. கரைக்கும் செல்லுக்கு ஆஸ்டியோகிளாஸ்ட் என்றும் கட்டும் செல்லுக்கு ஆஸ்டியோபிளாஸ்ட் என்றும் பெயர். மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கு ஏற்படும் எலும்புத் தேய்வு, மூட்டுவாதத்தில் எலும்பு அரிக்கப்படுவது, மார்பகப் புற்று எலும்பில் பரவுவது ஆகிய அனைத்திலும் கரைப்பவரின் வேகத்துக்குக் கட்டுபவர் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. ஆகவே, ஆஸ்டியோகிளாஸ்ட் எப்போது வேலையைத் தொடங்குகிறது என்ற கேள்வியைச் சுற்றித்தான் எங்கள் குழுவின் வேலை முழுவதும் அமைந்திருந்தது. நானும் அக்கேள்வியின் ஒரு சிறு மூலையைத் தேர்ந்துகொண்டிருந்தேன். ஆனால், நான் ஆராய விரும்பிய பொருளைத் தட்டில் சேர்ப்பதற்கு முன்னால், எதுவும் சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டில் செல்கள் எலும்பைக் கரைத்துக் காட்ட வேண்டும். அதுவே எனக்கு வாய்க்கவில்லை.

செல்கள் கரைப்பதற்கு ஒரு தளம் தேவை. நாங்கள் பயன்படுத்தியது யானைத் தந்தம். எலும்பில் இரத்தக் குழாய்களின் துளைகளும், முன்பே கரைந்து கட்டப்பட்ட தடங்களும் இருக்கும். அங்கே புதிய குழி எது, பழைய பள்ளம் எது என்று பிரித்தறிவது கடினம். தந்தமோ சீரான, துளையற்ற பொருள். அதன் வேதி அமைப்பும் எலும்பை ஒத்தது. லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் பறிமுதல் செய்த தந்தங்கள் பிரிட்டனின் எலும்பு ஆய்வகங்கள் சிலவற்றுக்கு வழங்கப்பட்டதுண்டு. எங்கள் ஆய்வகத்தின் பூட்டிய அலமாரியில் இருந்த துண்டும் அவ்வாறு வந்ததே. தந்தத்துக்காக ஆண் யானைகள் கொன்று குவிக்கப்பட்ட காடுகளுக்கு அருகில் வளர்ந்த எனக்கு, அதை முதன்முறை கையில் வாங்கியபோது நெஞ்சு கனத்தது. அதிலிருந்து வெட்டும் ஒரு சிறு வில்லையைக்கூட வீணாக்கக் கூடாது என்று அன்று நினைத்துக்கொண்டேன். அடுத்த 5 மாதங்களில் நூற்றுக்கணக்கான வில்லைகள் பயனின்றிப் போனதுதான் என்னை மிகவும் வருத்திய விஷயம்.

தந்தத்தை மெதுவாகச் சுழலும் வைர விளிம்பு ரம்பத்தில், நீர் சொட்டவிட்டு, கால் மில்லிமீட்டர் கனமுள்ள தகடுகளாக அறுப்போம். அத்தகடுகளிலிருந்து 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்ட வில்லைகளை, அலுவலகங்களில் காகிதத்தில் துளையிடப் பயன்படும் சாதாரணக் கருவியைக் கொண்டே வெட்டி எடுப்போம். ஒவ்வொரு வில்லையின் பின்புறத்திலும் பென்சிலால் ஓர் எண் எழுதப்படும். மை கரைந்துவிடும், பென்சில் கரையாது. அதன் பிறகு எலியின் தொடை எலும்பிலிருந்தும் கீழ்க்கால் எலும்பிலிருந்தும் மஜ்ஜையை வெளியேற்றி, ஒரு நாள் குடுவையில் வைத்து, ஒட்டிக்கொள்ளும் பிற செல்களை நீக்கிவிட்டு, எஞ்சியவற்றை வில்லைக்கு 10 லட்சம் என்ற கணக்கில் இடுவோம். எம்-சிஎஸ்எஃப், ரேங்க்-எல் என்ற இரண்டு புரதங்களை வளர்ப்பு ஊடகத்தில் சேர்த்தால், அம்முன்னோடிச் செல்கள் ஒன்றோடொன்று இணைந்து பல உட்கருக்களைக் கொண்ட பெரிய ஆஸ்டியோகிளாஸ்ட்களாக ஒரு வாரத்தில் மாறும். ஆஸ்டியோகிளாஸ்ட்களை உருவாக்குவது ரேங்க்-எல் என்பது 1998-இல்தான் கண்டறியப்பட்டது. அதற்கு முன் இத்துறையில் இருந்தவர்களில் பலர், பிறந்த எலிக்குட்டிகளின் எலும்புகளை நறுக்கி, அவற்றிலிருந்து உதிரும் சில செல்களைக் கொண்டே வேலை செய்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்குக் கிடைத்த வசதியின் அளவு புரிந்தது.

ஆனால் என் வில்லைகளில் குழிகள் இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட்களில் உள்ள ட்ராப் என்னும் நொதியைக் காட்டும் சாயமிட்டால் செல்கள் செக்கச்செவேலென்று, பெரிதாக, அழகாகத் தெரிந்தன. அவற்றைத் துடைத்தகற்றி டொலுயிடின் நீலம் பூசிப் பார்த்தால், அடியில் இருந்த தந்தம் மாசு மருவற்றுக் கிடந்தது. ரேங்க்-எல் வீரியம் இழந்திருக்குமோ என்று புதிய குப்பி வாங்கினேன். கன்றுக்குட்டிச் சீரத்தின் தொகுதியை மாற்றினேன். வில்லைகளைக் கழுவும் முறையை மாற்றினேன். செல்களின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தேன். ஒரு முறைக்கு 10 நாட்கள் ஆகும் சோதனை என்பதால், ஒவ்வொரு ஐயத்தையும் தீர்க்க ஏறக்குறைய இரண்டு வாரம் தேவைப்பட்டது. செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பனி கொட்டிய டிசம்பர் விடுமுறையில் பேருந்து ஓடாத நாளிலும் ஊடகம் மாற்ற நடந்தே போயிருக்கிறேன்.

குழுவின் திங்கட்கிழமைக் கூட்டங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே வண்ணப் படங்களுக்கு இடமில்லை; எண்ணிய எண்களை அப்படியே கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும் என்பது விதி. பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுத வேண்டும். எங்கள் பேராசிரியர் ஒருபோதும் குரலை உயர்த்தியதில்லை. நான் ஏழாவது முறை பூஜ்யங்களைக் காட்டியபோது, “உங்கள் செல்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றுக்கு வேலை செய்யக் காரணம்தான் இல்லை” என்று மட்டும் சொன்னார். அது ஆறுதல் வார்த்தை என்று அன்று எடுத்துக்கொண்டேன். அதில் விடையே இருந்தது என்பது பிறகுதான் விளங்கியது.

துப்பு கிடைத்தது பக்கத்து மேசையிலிருந்து. அங்கே பணியாற்றிய போலந்து நாட்டு மாணவி ஆஸ்டியோபிளாஸ்ட்களை வளர்த்துக்கொண்டிருந்தார். அச்செல்கள் மூன்று வாரங்களில் கண்ணுக்கே தெரியும் அளவுக்குச் சிறு எலும்புத் திட்டுகளைக் கட்டும். அலிசரின் சாயமிட்டால் கால்சியம் படிந்த இடங்கள் சிவக்கும். அந்தக் குளிர்காலத்தில் அவருடைய தட்டுகள் அதுவரை இல்லாத அளவுக்குச் சிவந்திருந்தன. ஒரே இன்குபேட்டர், ஒரே ஊடகம், ஒரே சீரம். மார்ச் மாதத்தில் ஒரு நாள் தேநீர் வேளையில் அவர் தட்டையும் என் தட்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். “நம் இன்குபேட்டருக்குக் கட்டுவதுதான் பிடித்திருக்கிறது” என்று அவர் சொன்னார். அந்தச் சொல் என்னை உலுக்கியது. கட்டுவதற்கு உகந்ததும் கரைப்பதற்கு ஆகாததுமான ஒரு பொதுவான சூழல் என்ன?

அன்று மாலை ஆய்வகத்தின் மூத்த தொழில்நுட்பப் பணியாளரிடம் இதைக் கேட்டேன். அவர் 20 ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே இருந்தவர். என் செய்முறைத் தாளை வாங்கி ஒருமுறை படித்தார். பிறகு எழுந்து சென்று, அலமாரியின் மேல்தட்டிலிருந்து அட்டை கிழிந்த ஒரு பழைய குறிப்பேட்டை எடுத்து வந்து திறந்து காட்டினார். “ஏழாம் நாள்: அமிலம்” என்று அதில் கையால் எழுதப்பட்டு அடிக்கோடிடப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் அச்செய்முறையைக் கணினியில் ஏற்றியபோது அந்த வரி விடுபட்டிருந்தது. குழுவில் இருந்த அனைவருக்கும் அது மனப்பாடம் என்பதால், தாளில் இல்லை என்பதை எவரும் கவனிக்கவில்லை. எனக்கு முன் வந்தவர்கள் ஒருவர் பக்கத்தில் மற்றொருவர் நின்று கற்றவர்கள். நான் தாளைப் பார்த்துக் கற்ற முதல் மாணவன்.

ஆஸ்டியோகிளாஸ்ட்கள் வேலையைத் தொடங்கச் சுற்றியுள்ள நீர்மம் சற்றே அமிலமாக வேண்டும் என்பது 1986-இல் ஆர்னெட், டெம்ப்ஸ்டர் ஆகிய இருவர் வெளியிட்ட ஆய்விலேயே தெளிவாகச் சொல்லப்பட்டது. அமிலத்தன்மையைக் குறிக்கும் பிஹெச் அளவில் எண் குறையக் குறைய அமிலம் கூடும். பிஹெச் 7.4-இல் எலியின் ஆஸ்டியோகிளாஸ்ட்கள் ஏறக்குறைய செயலற்றுக் கிடந்தன, 6.8-க்கு இறக்கியபோது குழிகள் பெருகின. பிற்பாடு 2005-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது: 7.4-இல் ஆஸ்டியோபிளாஸ்ட்கள் கட்டும் திட்டுகளில் கால்சியம் தாராளமாகப் படிகிறது, 6.9-இல் அது அடியோடு நின்றுபோகிறது. உடலுக்கு இதில் ஒரு பயன் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தோ வேறு காரணத்தாலோ உடலில் அமிலம் மிகும்போது, எலும்பைக் கரைத்து அதிலுள்ள காரப் பொருளை இரத்தத்துக்கு அளித்து உயிரைக் காத்துக்கொள்கிறது. அதற்கு விலையாக எலும்பு மெலிகிறது.

இவ்விரு கட்டுரைகளையும் நான் படித்திருந்தேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். படித்தும் ஏன் ஐயுறவில்லை? ஜனவரியில் ஒருமுறை, ஊடகத்தின் பிஹெச் அளவை மருத்துவமனைகளில் இரத்த வாயுவை அளக்கும் கருவியில் பார்த்திருந்தேன். திறந்த குவளையில் சாதாரண மின்முனையை வைத்து அளந்தால், கரியமில வாயு வெளியேறி அளவு தவறாக ஏறிவிடும். ஆகவே சிரிஞ்சில் காற்றுப் படாமல் எடுத்து உடனே அக்கருவியில் செலுத்த வேண்டும். அவ்வளவு கவனமாக அளந்தபோது 7.41 என்று வந்தது. நலமான மனிதரின் இரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு அது. பாடநூலில் இருந்த எண் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில், அதற்குப் பக்கத்தில் ‘சரி’ என்று குறித்துவிட்டேன். இரத்தத்துக்குச் சரியான அளவு, என் செல்களுக்கு ‘இப்போது வேலை இல்லை’ என்ற செய்தியாக இருந்தது.

பன்னிரண்டாவது சோதனையில் ஏழாம் நாள், லிட்டருக்கு 10 மில்லிமோல் என்ற கணக்கில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தேன். 4 மில்லிலிட்டர் ஊடகத்துக்கு 40 மைக்ரோலிட்டர்; ஒரு சிறு துளிதான். இரண்டு நாட்கள் கழித்து எடுத்த அளவு 7.02. பாதி வில்லைகளை அமிலமின்றி வைத்திருந்தேன். எல்லாவற்றையும் குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தி, சாயமிட்டு, பென்சில் எண்களை அந்தப் போலந்து மாணவியிடம் கொடுத்து, எது எந்தத் தட்டைச் சேர்ந்தது என்பது எனக்குத் தெரியாதவாறு கலைத்துத் தரச் சொன்னேன். எண்ணுபவருக்கு எது எது என்று தெரியக் கூடாது என்பது குழுவின் மாறாத விதி. அன்று மட்டும் அந்த விதிக்குத் தேவையே இருக்கவில்லை. மூன்றாவது வில்லையை நுண்ணோக்கியின் கீழ் வைத்தவுடனே தெரிந்துவிட்டது. வெளிறிய தந்தத்தின் மேல் கருநீலக் குழிகள், சில வட்டமாக, சில ஒரு செல் நகர்ந்துகொண்டே கரைத்துச் சென்ற வாய்க்காலைப் போல நீண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இருட்டறையில் தனியாக அமர்ந்து அழுதேன். பிறகு முறைப்படி எல்லா வில்லைகளையும் புள்ளி வலையை வைத்து எண்ணி முடிக்க இரவு 11 மணி ஆனது.

திங்கட்கிழமை பேராசிரியர் எண்களைப் பார்த்துவிட்டு, “நல்லது, இன்னும் இரண்டு எலிகளில் செய்யுங்கள்” என்றார். ஒரே எலியின் மஜ்ஜையிலிருந்து 20 வில்லைகள் செய்தாலும் அது ஒரு சான்றுதான், 20 சான்றுகள் ஆகாது என்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவர். அந்தக் கண்டிப்பை நான் இன்றும் போற்றுகிறேன். பிஸ்பாஸ்போனேட் மருந்துகள் எலும்புக் கரைப்பைத் தடுக்கும் என்பதை 1969-இல் ஃபிளைஷ், ரஸல், ஃபிரான்சிஸ் முதலியோர் வெளியிட்டதும், ரேங்க்-எல்லின் இந்தப் பணி கண்டறியப்பட்டு 12 ஆண்டுகளில் அதைக் கட்டிப்போடும் டெனோசுமாப் மருந்து 2010-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றதும் இத்துறையின் பெரிய சாதனைகள். அவற்றுக்கு அடியில், இப்படி வில்லை வில்லையாக எண்ணிய பலருடைய கண்கள் இருக்கின்றன. எங்கள் குழு வெளியிட்ட கட்டுரைகளும் அந்த வரிசையில் சிறு இடம் பெற்றவை என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

அந்த வாரமே செய்முறைத் தாளைத் திருத்தினேன். விடுபட்ட வரியோடு, அதற்கான காரணத்தையும் 7.41 என்ற என் அளவையும் சேர்த்து எழுதினேன். அதற்குப் பிறகு சேர்ந்த ஒவ்வொரு மாணவருக்கும் தாளைக் கொடுத்ததோடு நிற்காமல், முதல் சோதனையின் ஏழாம் நாள் காலையில் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

2015-இல் குழுவை விட்டுப் புறப்படும் முன், எனக்குப் பின் வரவிருந்த மாணவிக்காக இரண்டு நாட்கள் ரம்பத்தின் முன் அமர்ந்து 300 வில்லைகள் வெட்டி, 1 முதல் 300 வரை பென்சிலால் எண்ணிட்டு, கழுவி உலர்த்தி, மூடியிட்ட கண்ணாடிக் குப்பியில் போட்டு வைத்தேன். மிஞ்சிய தந்தம் ஒரு சாண் நீளம் இருந்தது. அதை ஈரம் போகத் துடைத்து, துணியில் சுற்றி, அதே அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மூத்த பணியாளரிடம் ஒப்படைத்தேன்.