சோப்புத் தண்ணீர் அடிப்பதற்கு முன்னால்

அக்கா மகன் போன வாரம் ஓமனிலிருந்து கூப்பிட்டான். கேஸ் பிளான்ட் ஷட்டவுனில், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருக்கும் நேரத்தில், பைப் ஃபிட்டர் வேலை, முதல் முறை போயிருக்கிறான். பேச்சுவாக்கில், "மாமா, அடுத்த வாரம் லீக் டெஸ்ட்டாம். சோப்புத் தண்ணி அடிச்சு குமிழி வருதான்னு பார்க்கிறதுதானே?" என்று கேட்டான். ஒரு மணி நேரம் பேசியும் எனக்கு மனசு ஆறவில்லை. வளைகுடாவில் 14 வருஷம் இதே வேலையில் இருந்தவன் நான். இவனைப் போல முதல் தடவையாகப் போகிற பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனையோ பேர், அதனால் அவனிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

லீக் டெஸ்ட் என்றால், மூடிய குழாய்களில் நைட்ரஜன் வாயுவை அழுத்தமாக ஏற்றி, இணைப்புகளில் கசிகிறதா என்று பார்ப்பது. முதலில், தண்ணீரை ஏற்றுவதும் வாயுவை ஏற்றுவதும் ஒன்றல்ல. ஒரு கன மீட்டர் கொள்ளளவுள்ள ஒரு வெசலில் (மூடிய இரும்புக் கலம்) தண்ணீர் நிரப்பி 100 பார் வரைக்கும், அதாவது நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தைப் போல சுமார் 100 மடங்கு, ஏற்றினால் அந்தத் தண்ணீருக்குள் அடங்கியிருக்கும் சக்தி சுமார் 23 கிலோஜூல். அதே வெசலில் தண்ணீருக்குப் பதில் நைட்ரஜனை 100 பாருக்கு ஏற்றினால் 18 மெகாஜூலுக்கு மேல், அதாவது ஏறக்குறைய 800 மடங்கு. டிஎன்டி வெடிமருந்துக் கணக்கில் சொன்னால் 4 கிலோவைத் தாண்டும். தண்ணீர் இருக்கும் குழாயில் விரிசல் விழுந்தால் கொஞ்சம் பீய்ச்சியடித்ததுமே அழுத்தம் இறங்கிவிடும், வாயு அப்படி விடாது, முழுசாக விரிந்து முடிகிறவரைக்கும் உடைந்த இரும்பைத் தள்ளிக்கொண்டே இருக்கும். "நைட்ரஜன்தானே, தீப்பிடிக்காதே" என்று சொல்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தீ வேண்டியதில்லை, அழுத்தமே போதும்.

சரி, அப்படியானால் எல்லாவற்றையும் தண்ணீரிலேயே பார்த்துவிடலாமே என்று கேட்கலாம். இரும்பு தாங்குமா என்பதைத் தண்ணீரில்தான் பார்க்கிறோம், அதுதான் ஹைட்ரோ டெஸ்ட். அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமான ஏஎஸ்எம்இ குழாய்களுக்கு வகுத்த பி31.3 விதியில் அது வடிவமைப்பு அழுத்தத்தைப் போல 1.5 மடங்கு. ஆனால் ஷட்டவுன் முடிந்து நூற்றுக்கணக்கான ஃபிளேஞ்சுகளை (குழாய் முனைகளைப் போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தட்டுகள்) மறுபடி மூடிய பிறகு தண்ணீரை விட முடியாது, ஏனென்றால் கேஸ் பிளான்ட்டில் குளிரான பகுதிகளில் மிஞ்சிய ஈரம் பனிக்கட்டியைப் போல ஹைட்ரேட்டாக உறைந்து வழியை அடைத்துவிடும். தண்ணீர் கசியாத இணைப்பு வாயுவையும் நிறுத்தும் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை. அதனால்தான் நைட்ரஜன். பல இடங்களில் அதில் ஒரு சதவீதம் அளவுக்கு ஹீலியத்தையும் கலந்து, ஒவ்வொரு ஃபிளேஞ்சையும் டேப்பால் சுற்றி, டேப்பில் ஊசித் துளை போட்டு, அங்கே கருவியின் முனையை வைத்துப் பார்ப்பார்கள். காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான் இருக்கிறது என்பதால் சின்னக் கசிவும் தப்பாது.

இந்த டெஸ்ட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு பைப்பர் ஆல்ஃபாவைச் சொல்வேன். ஸ்காட்லாந்துக்கு அப்பால் வட கடலில் இருந்த எண்ணெய், எரிவாயு மேடை அது. 1988 ஜூலை 6 அன்று ஒரு கண்டன்சேட் (எரிவாயுவிலிருந்து பிரியும் திரவ எரிபொருள்) பம்ப்பின் ரிலீஃப் வால்வை, அதாவது அழுத்தம் மீறினால் தானே திறக்கும் பாதுகாப்பு வால்வை, கழற்றிப் பராமரிப்புக்கு எடுத்திருந்தார்கள், திறந்த குழாய் வாயில் ஒரு பிளைண்ட் ஃபிளேஞ்ச், அதாவது துளையில்லாத மூடித் தட்டு, வைத்திருந்தார்கள். அது வாயு கசியாத அளவுக்கு இறுக்கப்பட்டிருக்கவில்லை. இரவில் இன்னொரு பம்ப் நின்றுபோக, வால்வ் இல்லாத விஷயம் தெரியாத அடுத்த ஷிப்ட் இந்தப் பம்ப்பை ஓட்டப் போனது. அந்த மூடி வழியாக வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். தற்காலிகமாக வைத்த ஃபிளேஞ்ச்தானே என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த மேடைதான் ஞாபகம் வரும்.

இப்போது களத்தில் நடப்பது. அழுத்தத்தை ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. முதலில் மிகக் குறைவாக, ஒன்றரை பார் அளவில் நிறுத்திச் சுற்றிப் பார்க்க வேண்டும், பெரிய தப்புகள், அதாவது ஃபிளேஞ்சுகளுக்கு நடுவில் வைக்கும் கேஸ்கெட் வளையமே போடாதது, மூடாத டிரெயின் வால்வ் மாதிரியானவை, அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, உலோகம் அமைகிறவரைக்கும் காத்திருக்க வேண்டும். அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது தடுப்புக் கயிற்றுக்கு உள்ளே ஒருத்தரும் இருக்கக் கூடாது. எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது என்பதையும் கண்ணால் மதிப்பிடக் கூடாது, அடைபட்ட சக்தியைக் கணக்கிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள், ஏஎஸ்எம்இயின் பழுதுபார்ப்பு, டெஸ்ட் விதியான பிசிசி-2 சொல்கிற குறைந்தபட்சமே 30 மீட்டர். கசிவைத் தேட உள்ளே போவது, அழுத்தம் நிலைத்து, டெஸ்ட் என்ஜினியர் அனுமதித்த பிறகுதான். அப்போதும் கையை வைத்துத் தடவிப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாமல் பீய்ச்சியடிக்கும் வாயு சதையைக் கிழித்துவிடும்.

அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் படிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. மத்தியானம் 45 டிகிரியில் 100 பாரில் நிறுத்திய லைன், ராத்திரி 30 டிகிரிக்கு இறங்கினால் ஒரு பொட்டுக் கசிவு இல்லாமலே 5 பார் அளவுக்குக் குறையும். அதைக் கசிவு என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறோம். வெப்பநிலையையும் சேர்த்துக் குறிக்காத கேஜ் குறிப்பு பயன்படாது.

எல்லாவற்றையும்விட நான் அவனிடம் மன்றாடிச் சொன்னது ஒன்றுதான்: அழுத்தத்தில் இருக்கும் போல்ட்டைத் தொடாதே. நான் அங்கே இருந்தபோது ஒரு நாள், கம்ப்ரசரிலிருந்து வரும் 8 அங்குல லைன், 70 பாரில் நிற்கிறது, ஒரு ஃபிளேஞ்சில் மெல்லிய சீறல். மேலதிகாரி "அரை சுத்து இறுக்கிட்டா நின்னுடும்" என்றார், நானும் ஸ்பேனரை எடுத்துவிட்டேன். டெஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நாகர்கோவில் அண்ணன் ஒருவர், "தம்பி, ஸ்பேனரைக் கீழே வை" என்று சத்தம் போட்டார். அந்தக் குறுக்களவில் 70 பார் என்றால் ஃபிளேஞ்சைப் பிரிக்கப் பார்க்கும் விசை 20 டன்னுக்கு மேல், அதைத் தாங்குவது 12 ஸ்டட்கள், அதாவது இருபுறமும் நட்டு போடும் தலையில்லாத போல்ட்டுகள். அந்த அண்ணன் பிடிவாதமாக அழுத்தத்தை முழுக்க இறக்கவைத்தார், அரை நாள் போயிற்று, பெரிய சண்டையும் வந்தது. பிரித்துப் பார்த்தால் இரண்டு ஸ்டட்களில் நட்டுக்குள் மரை பாதிதான் ஏறியிருந்தது. நான் அரை சுற்று இறுக்கியிருந்தால் மரை உரிந்து, அந்தப் பளு பக்கத்து ஸ்டட்களுக்குப் போயிருக்கும். அன்றைக்கு அவர் எனக்காகச் சண்டை போட்டது இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

இறக்குவதும் வேலைதான். கேஜில் பூஜ்யம் காட்டினாலும் செக் வால்வுக்கு (ஒரு திசையில் மட்டும் விடும் வால்வ்) பின்னால் வாயு அடைபட்டிருக்கலாம், அதன் இருபுறமும் வென்ட், அதாவது வாயுவை வெளியே விடும் வழி, திறந்து உறுதி செய்யாமல் முதல் நட்டைத் தளர்த்தக் கூடாது. வெளியேற்றும் நைட்ரஜன் பள்ளத்திலோ கூரைக்குள்ளோ தேங்கினால் வாசனை ஏதும் இல்லாமல் மூச்சை நிறுத்திவிடும், அதனால் ஆக்சிஜன் மீட்டர் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

நேற்று மறுபடி கூப்பிட்டான். டெஸ்ட் அன்று காலையில் முதலில் என்ன கேட்கட்டும் மாமா என்றான். நைட்ரஜன் பம்ப்புக்கும் லைனுக்கும் நடுவில் ரிலீஃப் வால்வ் எங்கே இருக்கிறது, எத்தனை பாரில் திறக்கும், அதற்குக் குறுக்கே மூடிய வால்வ் ஏதாவது இருக்கிறதா, இந்த மூன்றையும் கேள் என்றேன். எழுதிக்கொள்கிறேன், ஒரு நிமிஷம் இருங்கள் என்று பேனா தேடப் போனான்.