இளஞ்சிவப்பு ஓடு: சல்லடை மேசைக் குறிப்புகள்

அக்டோபர் 7, பாளையங்கோட்டை

கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் குழாய் இறக்கி எடுத்த மண் உருளையின் (கோர்) துண்டுகளை இன்று பிரித்தோம். தேடுவது ஒரே ஒரு ஃபோராம் (ஓடு கட்டும் ஒற்றைச் செல் கடலுயிர்): குளோபிஜெரினாய்டஸ் ரூபர், அதிலும் இளஞ்சிவப்பு வகை. வெள்ளை ரூபர் இன்றும் நம் கடலில் மிதக்கிறது. இளஞ்சிவப்பு வகை அட்லாண்டிக்கில் மட்டும் உயிரோடு இருக்கிறது. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் சுமார் 1,20,000 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. 1979-ல் தாம்சன், பே, டுப்ளெஸ்ஸி, ஷாக்கில்டன் நால்வரும் எழுதிய கட்டுரை வந்ததிலிருந்து, கோரில் கீழிருந்து மேலே வரும்போது இளஞ்சிவப்பு எங்கே நிற்கிறதோ அந்த இடம் ஒரு காலக்கோடு. ஓர் ஓட்டைத் தப்பாக ரூபர் என்று எழுதினால் கோடே மேலே ஏறிவிடும்.

50 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, துண்டுக்கு 10 கிராம் எடை போட்டு, வெறும் தண்ணீரில் ஊற வைத்தாயிற்று. சுண்ணாம்புச் சேறு தானாகவே குலைந்து பிரியும். ஹைட்ரஜன் பெராக்சைடைத் தொடவில்லை. கடையில் வரும் பெராக்சைடு அமிலத்தன்மையோடு இருக்கும், காரம் சேர்க்காமல் விட்டால் ஓட்டை அரிக்கும். நிறத்தை நம்பிச் செய்யும் வேலையில் அந்த வம்பு வேண்டாம்.

அக்டோபர் 9

63 மைக்ரான் சல்லடையில் கழுவினோம் (ஏ.எஸ்.டி.எம். என்ற அமெரிக்கத் தர அளவில் 230 எண்). தண்ணீரை மெல்லிய தூவலாக விட வேண்டும். விரலால் தேய்த்தால் கடைசி அறை உடையும், அந்த அறை இல்லாமல் இனம் சொல்வது பாதி ஊகம்தான். போர் தண்ணீரில் கழுவி அப்படியே உலர்த்திய முதல் துண்டில் ஓடுகளின் மேல் வெள்ளைப் பூச்சு படிந்து, வாய்கள் அடைத்துப் போயின. மறுபடி ஊற வைத்து, கடைசி அலசலுக்கு மட்டும் வாலை வடிநீர் ஊற்றியதும் சரியாகிவிட்டது.

ஒரு துண்டு முடிந்ததும் சல்லடையை மெத்திலீன் நீலக் கரைசலில் முக்கி எடுக்கிறோம். கண்ணியில் சிக்கி நின்ற பழைய ஓடு நீலமாகிவிடும். அடுத்த தட்டில் நீலம் தெரிந்தால் அது போன துண்டின் ஆள், எண்ணக் கூடாது. நீலம் வேறெங்கும் தேட வேண்டாம், வண்ணமீன் கடையிலேயே கிடைக்கிறது.

அக்டோபர் 10

பொறுக்கிய ஓடுகளைச் சீட்டில் ஒட்டும் டிராககந்த் பிசின் தீர்ந்துவிட்டது. கருவேலம்பிசினை நீர்க்கக் கரைத்து, பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஒரு சொட்டு கிராம்பெண்ணெய் விட்டோம். கொஞ்சம் கெட்டியானாலும் காய்ந்ததும் வெடித்து ஓட்டையும் பிய்த்துக்கொண்டு போகும். ஆகவே தூரிகை நுனியில் ஈரம் தெரிகிற அளவு போதும்.

அக்டோபர் 14

150 மைக்ரானுக்கு மேல் நின்றதைக் கருப்புத் தட்டில் தூவி, 000 எண் கொண்ட மிக மெல்லிய தூரிகையால் பொறுக்குகிறோம். முதலில் நிறத்தைப் பார்க்காதே, வாயைப் பார் என்பதுதான் இந்த மேசையின் சட்டம்.

ரூபரின் கடைசிச் சுற்றில் மூன்றே அறைகள். சீவிய பனங்காயில் நுங்கின் மூன்று கண் உட்கார்ந்திருக்குமே, கிட்டத்தட்ட அந்த அமைப்பு. உருண்டைகள் மட்டும் நன்றாகப் பிதுங்கி நிற்கும். தொப்புள் பக்கத்தில் (அறைகள் கூடும் நடுக்குழிப் பக்கம்) முதன்மை வாய் உயர்ந்த வளைவு, முந்தைய இரண்டு அறைகள் சேரும் பொருத்துவரிக்கு நேர் மேலே நடுவாக நிற்கும். புரட்டிப் போட்டால் சுருள் பக்கத்தில் பொருத்துவரிகளின் மேல் துணைவாய்கள் (கூடுதல் திறப்புகள்). புரட்டாமல் பெயர் எழுதவே கூடாது.

வாய் ஒரு பக்கம் நகர்ந்து, கடைசி அறை அமுங்கியிருந்தால் அது எலாங்காட்டஸ் என்ற வேறு இனம். ஓடு பெரிதாகக் கனத்து, வாய் கீற்றுப் போல இருந்தால் காங்குளோபேட்டஸ். மூன்றரை, நான்கு அறையும் தேன்கூடு போன்ற கரடுமுரடான சுவரும் என்றால் சாக்குலிஃபர். கடைசி அறை பை போலத் தொங்கினால் சந்தேகமே இல்லை, ஆனால் எல்லாவற்றிலும் பை இருக்காது. புதிதாக வருபவர்கள் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

அக்டோபர் 16

மேல்துண்டில் இளஞ்சிவப்பு ஓடுகள்! வரவே கூடாத இடம்.

காரணம் அடுத்த மேசையில் இருந்தது. தூத்துக்குடிக் கரையோர மண்ணில் உயிருள்ள ஃபோராம்களை அடையாளம் காண ரோஸ் பெங்கால் சாயம் போட்டிருந்தார்கள், எத்தனால் லிட்டருக்கு 2 கிராம். அந்தத் தூரிகையே இந்தத் தட்டுக்கும் வந்திருக்கிறது.

சாயச் சிவப்பையும் இயற்கைச் சிவப்பையும் பிரிக்க, ஓர் ஓட்டை ஊசி முனையால் உடைத்துப் பார்த்தோம். ரோஸ் பெங்கால் பிடித்ததில் நிறம் உள்ளே காய்ந்து ஒட்டிய உடற்பொருளில் இருக்கிறது, கத்தரிப்பூ கலந்த பளீர்ச் சிவப்பு. சுவர்ச் சில்லோ கண்ணாடி மாதிரி வெளுப்பு. கீழ்த்துண்டிலிருந்து எடுத்த உண்மையான ரூபரை உடைத்தால் சில்லே இளஞ்சிவப்பு, நிறம் கால்சைட்டிலேயே ஊறியிருக்கிறது. தேரி (செம்மணல் மேடு) புழுதியின் துருச்சிவப்பு வேறு ரகம்: வெளியே மட்டும் படியும், ஈரத் தூரிகைக்கே பாதி போய்விடும்.

இனி இந்த மேசைக்குத் தனித் தூரிகை, காம்பில் வெள்ளை நூல் கட்டியாயிற்று.

அக்டோபர் 18

இன்னொரு ஏமாற்றுக்காரன், குளோபோடர்போரோடாலிட்டா ரூபெசென்ஸ். இதற்கு இயற்கையிலேயே இளஞ்சிவப்பு உண்டு, நம் கடலில் இன்றும் வாழ்கிறது. உடைத்துப் பார்க்கும் சோதனை இதனிடம் பலிக்காது. ஆனால் ஓடு சின்னது, கடைசிச் சுற்றில் நான்கு அறை, துணைவாய் கிடையவே கிடையாது. அதே உருவில் ஒற்றைத் துணைவாய் இருந்தால் டெனெல்லஸ் என்ற இனம்.

அக்டோபர் 22

சீட்டு எழுதும் நாள். கியூபா முதலிய இடங்களின் மணலைப் பார்த்து பிரெஞ்சு இயற்கையியலாளர் டோர்பினி 1839-ல் இட்ட பெயர் குளோபிஜெரினா ரூப்ரா. 1927-ல் குஷ்மன் குளோபிஜெரினாய்டஸ் பேரினத்தை அமைத்து இதையே அதன் மாதிரி இனமாக (பேரினத்துக்கு அடையாளமான இனம்) வைத்தார். 2019-ல் மரபணுவையும் உருவத்தையும் சேர்த்துப் பார்த்து, இளஞ்சிவப்பை ரூபர் ரூபர் என்றும் வெள்ளையை ரூபர் ஆல்பஸ் என்றும் துணையினங்களாகப் பிரித்தார்கள். சாக்குலிஃபர் 2015-லேயே டிரைலோபேட்டஸ் என்ற வேறு பேரினத்துக்குப் போய்விட்டது. துணைவாய் இருப்பதாலேயே இரண்டும் ஒரு வம்சம் ஆகிவிடாது. பழைய சீட்டுகளை அழிக்கவில்லை, புதுப் பெயரைக் கீழே எழுதித் தேதி போட்டோம்.

அக்டோபர் 25

மாதிரியைச் சம பாதிகளாகப் பங்கிடும் பிரிப்பானில் பாதி பாதியாகக் குறைத்து 300 ஓடு எண்ணுவது வழக்கம். எல்லைக்கோட்டுக்கு அது போதாது. நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் ஓர் இனம் இருந்தால், 300 எண்ணியும் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் போக ஏறக்குறைய 20-ல் ஒரு வாய்ப்பு உண்டு. இளஞ்சிவப்பு மெலிந்து மறையும் இடத்தில் அளவு அதற்கும் கீழே. அங்கே மட்டும் பிரிப்பானை ஒதுக்கிவிட்டு முழுத் தட்டையும் பார்க்கிறோம், கண் வலித்தாலும்.

எல்லைக்கு மேலே தனியாக இரண்டு நல்ல ஓடுகள்: துணைவாய் சரி, சில்லும் சிவப்பு. புழு துளைத்து மேலே ஏற்றியிருக்கலாம், கோர்க்குழாயின் விளிம்பு இழுத்து வந்திருக்கலாம். அந்தத் துண்டின் நடுவிலிருந்து மட்டும் 10 கிராம் புதிதாக வெட்டி ஊற வைத்திருக்கிறது. இரண்டு ஓடுகளும் பெயரில்லாத சீட்டில் காத்திருக்கின்றன.